மருத்துவரின் கையில் கைப்பேசி

"டாக்டர் போனைப் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறார்" என்ற குறை, புறநோயாளிகள் பிரிவில் எங்கள் காதிலும் விழுவதுண்டு. இப்பேச்சுக்கு அஞ்சி, பார்க்க வேண்டியதையும் பார்க்காமல் விட்டுவிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்கள் கவலை.

இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வார்ஃபரின் உட்கொள்ளும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோனிடசோல் கொடுத்தால் வார்ஃபரினின் வீரியம் மிகுந்து இரத்தக்கசிவு நேரலாம். இது பெரும்பாலான மருத்துவர்கள் அறிந்ததே. ஆனால் 8 மருந்துகள் உண்ணும் முதியவருக்கு ஒன்பதாவதை எழுதும்போது, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தாலே 36 இணைகள் வருகின்றன. அத்தனையையும் நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது. சிறுநீரகத்தின் செயல்திறனைக் கிரியேட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கணித்த பிறகே மெட்ஃபார்மின் அளவை முடிவு செய்ய வேண்டும். அக்கணக்கை மனத்தால் போடுவதைவிடக் கைப்பேசியில் போடுவதே பாதுகாப்பானது.

பிறகு ஏன் தயக்கம்? மூத்த மருத்துவர்களுக்குப் புதுமை ஒவ்வாது என்பார்கள். நாங்கள் அதை ஏற்பதில்லை. நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வரும் இ.சி.ஜி. படத்தைப் பார்த்து ஆலோசனை கூற அவர்கள் தயங்குவதில்லையே! 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளிவருவதற்கு முன்பே அப்பழக்கம் வேரூன்றிவிட்டது. வேலையைக் குறைக்கும் கருவியை மருத்துவர்கள் எவரும் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே விவரத்தைத் தாளிலும் திரையிலும் இருமுறை பதியச் சொல்லும் செயலியைத்தான் ஒதுக்குகிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பாதியைத் தட்டச்சு தின்றுவிட்டால், முகம் பார்த்துப் பேச நேரம் ஏது?

தயக்கம் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டிய இடம் வேறொன்று. நோயாளியின் பெயர் தாங்கிய அறிக்கை, மருத்துவரின் சொந்தக் கைப்பேசியில் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடப்பது முறையன்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதற்கு முன்பும் நோயாளியின் இரகசியம் காப்பது எங்கள் கடமையாகவே இருந்தது. படத்தை அனுப்புமுன் பெயரை மறைப்பதும், பார்த்தபின் அழிப்பதும் இன்னும் எல்லோருக்கும் வழக்கமாகவில்லை.

திரையைப் பார்க்கும் மருத்துவர், எதற்காகப் பார்க்கிறார் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் தாராளமாகக் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது, உண்ணும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, கையோடு கொண்டு வாருங்கள். "வெள்ளை நிறச் சிறிய மாத்திரை" என்று சொன்னால் எந்தச் செயலியிலும் தேட முடிவதில்லை.