கீழ்ப்பாக்கத்தில் பேய் இல்லை

போன வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தி என்னை இழுத்து உட்கார வைத்து 'மாயா' படத்தைப் போட்டாள். 2015இல் வந்த படம். அஸ்வின் சரவணன் இயக்கம், நயன்தாரா நடிப்பு. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாயவனம் என்றொரு காடு. அங்கே ஒரு காலத்தில் மனநோய் மருத்துவமனை இருந்ததாம், நோயாளிகளைக் கொடுமைப்படுத்தினார்களாம். அங்கே இருந்த ஒருத்திதான் பேய். படம் நன்றாகவே இருக்கிறது. நானும் இரண்டு இடத்தில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன், மறைப்பானேன்?

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, கீழ்ப்பாக்கமும் இந்த மாதிரிதான் இருக்குமா?"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பேய் அல்ல.

பேய்ப்படம் எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பேய்களுக்கு எப்போதும் ஒரு வழக்கு உண்டு. அம்பத்தூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவாலங்காடு வருகிறது; பக்கத்தில் பழையனூர். புருஷன் கையால் செத்த நீலி பேயாக வந்து நியாயம் கேட்ட ஊர் அது. மாயாவும் நீலிக்குத் தங்கைதான். என் குறை வேறு. படம் பார்த்தவன் பயந்துகொண்டு போவது அந்தக் கட்டடத்தையும் நோயாளியையும் பார்த்துத்தான். பூட்டையும் சங்கிலியையும் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே எந்தப் பேயும் வரவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பெண் நோயாளிகளின் சங்கிலியைக் கழற்றச் சொல்லி பினேல் என்ற டாக்டர் நிற்கும் ஓவியத்தை வாத்தியார் காட்டிப் பாடம் நடத்தினார். சங்கிலி தப்பு என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

1979இல் என் தம்பிக்கு 24 வயது. காதில் குரல் கேட்கிறது என்றான். ராத்திரியில் எழுந்து நடந்தான். "கீழ்ப்பாக்கம்னு தெரிஞ்சா உன் தங்கச்சிக்கு யாருடா வரன் கொடுப்பான்?" என்று அம்மா அழுதார். பின்கட்டு அறையில் வைத்து வெளியே பூட்டினோம். ஐந்து மாதம். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.

கடைசியில் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு நர்ஸம்மா சத்தம் போட்ட பிறகுதான் கீழ்ப்பாக்கம் கொண்டு போனோம். 1794இல் சென்னையில் தொடங்கிய சிறு காப்பகத்தின் வழிவந்த ஆஸ்பத்திரி அது. பழைய சுவர், பெரிய மரங்கள். எனக்கு உள்ளே போகவே நடுக்கம். பார்க்கப் போன நாளில் தம்பி சொன்னான்: "அண்ணே, இங்கேயும் ராத்திரி பூட்டுறாங்க. ஆனா காலையில திறந்துடுறாங்க."

ஏழு வாரத்தில் வீட்டுக்கு வந்தான். மாத்திரையை விடவில்லை. எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினான். மூன்று வருஷம் முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. 14416க்குப் போன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை சொல்கிறார்கள். நம் வயதில் தூக்கம் வராது, மனது கனக்கும், அவள் போன பிறகு வீடு கடிக்கும். வெளியே சொல்லத்தான் கூச்சம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஆயிரம் தரம் சிரித்தவர்கள் நாம்தானே? அந்தச் சிரிப்புதான் என் தம்பியை ஐந்து மாதம் பூட்டி வைத்தது. சினிமாக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலை பேத்தியிடம், "உன் சின்னத் தாத்தா அங்கே இருந்து குணமாகி வந்தவர்தான்" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷராச்சே.

சாவியைப் பற்றியும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.