நெற்றியில் ஒட்டும் வில்லை

சித்தூர் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய பேத்திக்கு இருதயத்தில் பிறவிக் குறை. திருப்பதியில் ரண சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். விரலில் மாட்டும் கருவி இருக்க, குழந்தையின் நெற்றியில் வேறொன்றை ஒட்டுவோம் என்கிறார்களே, அது எதற்கு என்பது அவர் வினா.

கொரோனாக் காலத்தில் வாங்கிய விரற்கருவி நம் வீட்டு இழுப்பறைகளில் இன்றும் கிடக்கும். ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி 1974-இல் வகுத்த முறையே அதில் உள்ளது. பிராணவாயு ஏற்ற குருதி சிவப்பொளியை அதிகம் விழுங்காது. இழந்த குருதியோ மிகுதியாக விழுங்கும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியில் நிலைமை மாறாக இருக்கும். இரண்டையும் விரலினூடே செலுத்தி, நாடி துடிக்குந்தோறும் மாறும் பங்கை மட்டும் ஒப்பிட்டுக் கருவி கணக்கிடுகிறது.

ஆக, நாடியே அதற்கு ஆதாரம். இருதயத்தை நிறுத்திவைத்து, இயந்திரம் குருதியைச் சுற்றிவிடும் வேளையில் நாடி ஏது? விரற்கருவி ஊமையாகிவிடும். மூளையோ சில நிமிஷங்கள் பிராணவாயு கிடையாவிடினும் கெடத் தொடங்கும்.

இதற்கு வழி காட்டியவர் பிரான்ஸ் யோப்சிஸ் என்னும் அறிஞர். அகச்சிவப்பொளி தோலையும் எலும்பையும் கடந்து மூளைவரை சென்று மீளும் என்பதை 1977-இல் அவர் வெளியிட்டார். (இருட்டில் கைவிளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் செக்கச்செவேலெனத் தெரிவதை நம் பிள்ளைகள் விளையாட்டாகவே கண்டிருப்பர்.) நெற்றி வில்லையில் ஓர் ஒளிமூலமும், வெவ்வேறு தொலைவில் இரண்டு உணரிகளும் உள்ளன. அருகிலுள்ளது பெரும்பாலும் தோல், எலும்பின் செய்தியைத் தரும். தொலைவிலுள்ளது மூளையின் மேற்பகுதிச் செய்தியையும் சேர்த்துத் தரும். கழித்துப் பார்த்தால் மூளையின் நிலை ஒருவாறு தெரியும். நாடி வேண்டுவதில்லை.

அங்கே சிரைக்குருதியே மிகுதி. ஆகவே எண் 60 முதல் 80 வரை இருப்பது பொதுவாக இயல்பே. பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு இன்னும் தாழ்ந்திருக்கலாம். விரற்கருவியின் 98-ஐ நினைத்து அன்பர் கலங்க வேண்டா. தொடக்க எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மயக்க மருந்து வைத்தியர் உடனே காரணம் தேடுவார்.

இன்னொன்று. விரற்கருவி வெள்ளையரைவிடக் கருநிறத்தவரிடம் பிராணவாயுக் குறைவை ஏறத்தாழ மும்மடங்கு தவறவிடுவதாக 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம்மவர் கேட்டுவைக்க வேண்டிய செய்தி இது.

பேத்தியின் நகப்பூச்சைப் பற்றியும் அன்பர் கேட்டிருந்தார். முதல்நாளே துடைத்துவிடுக. கருமருதாணி இட்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுக.