பழைய மகிழுந்தும் பள்ளிப் பிள்ளைகளும்

1993-ஆம் ஆண்டில் புரோட்டோன் வீராவும் 1994-இல் பெரோடுவா கன்சிலும் நம் நாட்டில் வெளிவந்தன. இரண்டின் உற்பத்தியும் 2009-இல் நின்றுவிட்டது. ஆயினும், ஜொகூரில் தமிழ்ப்பள்ளி வாயில்களில் இன்றும் காலை வேளையில் அவற்றைக் காணலாம். பேருந்து வசதியில்லாத தோட்டப்புறங்களில் அந்த வண்டி ஓடவில்லையென்றால் பிள்ளை அன்று பள்ளிக்கு வருவதில்லை. ஆகவேதான் ஓர் ஆசிரியராகிய நான் இதனைப் பற்றி எழுதுகிறேன்.

15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று 2009-இல் அரசாங்கம் அறிவித்தது. மக்களின் எதிர்ப்பால் அத்திட்டம் விரைவிலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. புது வண்டி வாங்க எல்லாராலும் இயலாது. ஆனால், அரசாங்கம் பார்க்காததை நாமாவது பார்க்க வேண்டுமல்லவா? பழைய வண்டி பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்தே பழுதாகிறது. அதனைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் செலவு குறையும்.

காலையில் சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டு விளக்குகளும் மங்கினால், முதலில் பேட்டரியைப் பாருங்கள். முனைகளில் வெண்பச்சை நிறத்தில் பொடி படிந்திருந்தால் சுத்தம் செய்தாலே போதுமாக இருக்கலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். விளக்கு நன்றாக எரிந்தும் இயந்திரம் சுழலவில்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கும். புதிய பேட்டரி வாங்கிப் போடுவதால் அது தீராது.

வெப்பமுள் உயர்வதிலும் வேறுபாடு உண்டு. ஜொகூர் பாலத்து நெரிசலில் உயர்ந்து, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் விசிறியை ஐயுறலாம். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போதே உயர்ந்தால் கூலண்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, நீர்ப்பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எதுவாயினும் உடனே ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

வீராவிலும் கன்சிலிலும் டைமிங் பெல்ட் இருக்கிறது. இஃது ஒன்றுதான் பெரும்பாலும் சொல்லாமல் அறுவது. பழைய வண்டி வாங்கியவர்கள், அது எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்புக் கிடைக்காவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

பிரேக்கை மிதிக்கும்போது கீச்சென ஒலித்தால் பேட் தேய்ந்திருக்கலாம். மிதிகட்டை மெத்தென இறங்கினால் வண்டியை எடுக்கவே வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இதனை நான்காம் ஆண்டு மாணவனே படித்துச் சொல்வான். காடிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் சட்டப்படியும் செல்லாது.

இன்னொன்று. பின்னிருக்கையில் இருக்கைவார் அணிவது 2009 சனவரி 1 முதல் கட்டாயமாகியுள்ளது. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த வார் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. குளிர்சாதனம் பழுதானால் அன்றே பட்டறைக்கு ஓடுகிறோம். பிள்ளையைக் காக்கும் வாரை ஆண்டுக்கணக்கில் வெளியே எடுப்பதில்லை. இந்த வரிசை மாற வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறையாவது சனிக்கிழமை காலையில் பள்ளித் திடலில் வண்டிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். பெற்றோரிலேயே மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பிள்ளைகளும் உடனிருக்கட்டும். அறிவியல் பாடத்தில் படிக்கும் மின்சுற்றையும் வெப்பத்தையும் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் இல்லை. பணம் செலவாகாத இம்முயற்சியைப் பற்றி அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், பெற்றோரே.