உழைக்கிற உடம்புக்கு ஹார்ட் அட்டாக் வராதா?

"காட்டுல பாடுபடுற உடம்பு, அதுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வராது!" பெரம்பலூர், அரியலூர் பக்கம் டீக்கடை பெஞ்சுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. மாரடைப்பு என்றால் ஏசி ரூம்காரர்களுக்கு வருகிற நோய், தொப்பை வைத்தவர்களுக்கு வருகிற நோய் என்ற நினைப்பு. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் பிடுங்குகிறவருக்கும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவருக்கும் வராதாம். (லாரி ஓட்டுகிறவர் நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை!)

உழைப்பு நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பேரேட்டில் அது ஒரே ஒரு வரவு. எதிர்ப்பக்கம் இருக்கும் செலவுகளை யார் பார்ப்பது?

52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. தலைமை தாங்கியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப். முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பதே விஷயங்களை வைத்து விளக்கிவிடலாம் என்றது அந்த ஆய்வு. புகை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன உளைச்சல் என்று போகிற அந்தப் பட்டியலில் உடலுழைப்பும் ஒன்று, அவ்வளவுதான். அதே ஆய்வின் விவரங்களை வைத்து 2012-ல் இன்னொன்றும் சொன்னார்கள். நடை, மிதமான வேலை இதயத்தைக் காக்கிறது; கடுமையான பளுவேலை அப்படிக் காக்கவில்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னாலேயே வருகிறது என்பதும் அதில் தெரிந்தது.

வேலை கடுமையாக இருக்கும் இடத்தில்தான் மற்ற செலவுகளும் ஏறுகின்றன. அலுப்புக்கு ஒரு பீடி, பெண்களுக்கு வெற்றிலையோடு புகையிலை. மென்றாலும் ஆபத்துதான், புகைத்தால் மட்டும் இல்லை. காலையில் பழைய சோற்றுக்கு உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், இல்லையென்றால் கருவாடு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது, அதாவது ஒரு டீஸ்பூன். அது காலைச் சாப்பாட்டிலேயே பாதி தீர்ந்திருக்கும்!

எல்லாவற்றையும்விட மோசம் பிரஷர்தான். ஏனென்றால் அது வலிக்காது. ரத்தக்குழாயின் உள்சுவர் வருடக்கணக்கில் அடிவாங்குகிறது, கொழுப்பு படிகிறது, ஒருநாள் அந்தப் படிவு வெடித்து ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. "திடீர்னு போயிட்டாரு" என்கிறார்கள். திடீர் என்பது கடைசிச் சில நிமிடங்கள் மட்டும்தான்.

தமிழக அரசு 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு பிரஷர் இருந்தது. அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்! மீதிப் பேரில் பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையால்தான் அளவு இறங்கியது என்று தோன்றுவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்காகத்தான் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. நல்ல திட்டம். ஆனால் பகலில் வீட்டுக்கு வந்தால் காட்டுக்குப் போனவர் எப்படிக் கிடைப்பார்? ஆலைத் தொழிலாளர்களை வேலை இடத்திலேயே பார்க்க 2024-ல் தனியாக ஒரு திட்டம் வந்தது, சிமெண்ட் ஆலைக்காரர்களுக்கு அது சரி. வெங்காயக் காட்டுக்கு யார் போவது? விடியற்காலையில் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கிற வரிசையில் ஒரு பிரஷர் மெஷினோடு உட்கார்ந்தாலே பாதி ஊரைப் பிடித்துவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்த வாயுப்பிடிப்பு. நெஞ்சை அழுத்துகிறது, இடது கை கடுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் முதலில் சோடா வாங்கி வருகிறார்கள். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம். அந்த நேரத்தில் சோடாக் கடைக்கு ஓடாமல் 108-க்குப் போன் போட வேண்டும். 2023 ஜூனில் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்தார்கள். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கார் தேடி அலைகிற நேரத்தில் அந்த மாத்திரை உள்ளே போயிருக்கும்.