விபத்தில் சிக்கிய வியாபாரிக்கு வக்கீல் எதற்கு?

விடியற்காலை இரண்டு மணிக்குக் கோயம்பேட்டுக்குக் கிளம்பும் காய்கறிக் கடைக்காரர், ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு இரவு பஸ் பிடிக்கும் துணிக்கடைக்காரர், பாக்கி வசூலுக்கு ஊர் ஊராக டூ வீலரில் சுற்றும் மொத்த வியாபாரி என்று நம் தொழிலில் பாதி ரோட்டில்தான் நடக்கிறது. ஆகவே சாலை விபத்து என்பது யாருக்கோ நேரும் சமாசாரம் என்று நாம் இருந்துவிட முடியாது. ஆனால் விபத்துக்குப் பின் நஷ்டஈடு கேட்கும் விஷயத்தில் மற்றவர்களைவிட வணிகர்களே அதிகம் இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

முதல் காரணம் நம் சுபாவம். "வியாபாரிக்குக் கோர்ட், போலீஸ் என்று வம்பு எதற்கு?" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். மோதிய லாரிக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். எஃப்.ஐ.ஆர். பதிவாவதில்லை. ஆறு மாதம் கழித்து, காலில் வைத்த பிளேட்டை எடுக்க மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போது, அந்த லாரியின் நம்பர்கூட நம்மிடம் இருப்பதில்லை. ஆயிரம் ரூபாய் சரக்குக்குப் பில் இல்லாமல் வாங்க மாட்டோம். ஒரு காலுக்கு மட்டும் பில் கேட்பதில்லை!

இரண்டாவது காரணம்தான் பெரிது. மாதச் சம்பளக்காரர் அடிபட்டால் அவருடைய சம்பளச் சான்றிதழே வருமானத்தைச் சொல்லிவிடும். நம் வருமானம் கல்லாவில் இருக்கிறது, சிட்டையில் இருக்கிறது, பெரும்பகுதி நம் தலைக்குள் இருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அதைக் காட்ட முடியாதபோது, நீதிபதி ஓர் உத்தேச வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார். அந்த உத்தேசம் எவ்வளவு பெரிய பள்ளம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

42 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தவர்கள். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த முறைப்படி, சொந்தத் தொழில் செய்யும் இந்த வயதுக்காரருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக வருமானத்தோடு 25 சதவீதம் கூட்ட வேண்டும். அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். வருடத் தொகையை 14-ஆல் பெருக்க வேண்டும். மாத வருமானம் 25,000 ரூபாய் என்று நிரூபித்தால் இந்தக் கணக்கில் வருவது 39,37,500 ரூபாய். ஆதாரம் இல்லாமல் நீதிபதி 12,000 ரூபாய் என்று உத்தேசமாக வைத்தால் 18,90,000 ரூபாய். ஒரே மனிதர், ஒரே குடும்பம், வித்தியாசம் இருபது லட்சத்துக்கும் மேல். இதற்கு மேல் ஈமச் செலவு போன்ற இனங்களும், மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏழரை சதவீத வட்டி போடுகிறார்கள்.

அந்த இருபது லட்சத்தைப் பெற்றுத் தருவது வக்கீலின் வாதத் திறமை மட்டும் அல்ல. அவர் சேர்க்கும் காகிதங்கள். வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு, கொள்முதல் பில், கடை வாடகை ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமம், கடன் வாங்கியிருந்தால் அதன் தவணைக் கணக்கு, இத்தனையும் சாட்சிதான். வருமான வரி ரிட்டர்னை நம்பி வருமானத்தை நிர்ணயிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விவரம் தெரிந்த வக்கீல் ஆடிட்டரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார். இறந்த பிறகு தாக்கல் செய்த ரிட்டர்னைக் கொண்டுபோனால் மட்டும் எதிர்த் தரப்பு சும்மா விடாது.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியவருக்கு எந்த வக்கீலாலும் அதிகம் உதவ முடியாது. ரிட்டர்னில் பத்தாயிரம் என்று எழுதிவிட்டு, உண்மையில் நாற்பதாயிரம் சம்பாதித்தார் என்று அவர் மனைவி கோர்ட்டில் சொன்னால் யார் ஏற்பார்கள்? மிச்சம் பிடித்த வரியைப் போலப் பல மடங்கு குடும்பத்தின் கையை விட்டுப் போகிறது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்னொரு வாதமும் வைக்கும். "கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது, மகன் உட்கார்ந்திருக்கிறான், அப்புறம் என்ன நஷ்டம்?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் கொள்முதலில் விலை பேசுவதும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முகம் பார்த்தே சொல்வதும் கடைக்காரரோடு போய்விட்டன அல்லவா? தொழில் வாரிசுகள் கைக்கு வந்துவிட்டது என்பதாலேயே வருமானம் குறையவில்லை என்று முடிவு கட்டக்கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. முன்னும் பின்னுமான இரண்டு வருட விற்பனைக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும்.

உயிர் தப்பிக் கை கால் பாதிக்கப்பட்டவர் விஷயத்திலும் இதே கதைதான். மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்தால், வருமான இழப்பும் 30 சதவீதம் என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். சான்றிதழில் உள்ள சதவீதம் வேறு, அந்த ஊனத்தால் அவரவர் தொழிலில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மேஜையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் கால் முட்டி மடங்காவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஐம்பது கிலோ மூட்டையைத் தானே இறக்கி, நாள் முழுக்க நின்று தராசு பிடிக்கும் அரிசிக் கடைக்காரருக்கு அதே முட்டிதான் முதல். மூன்று மாதம் அடைத்துக் கிடந்த கடை, அதற்குக் கொடுத்த வாடகை, புதிதாக வைத்த ஆளுக்குக் கொடுத்த கூலி ஆகியவற்றையும் கேட்கலாம். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து கொடுப்பதில்லை.

காலம் தாழ்த்தக்கூடாது என்பதற்கு இப்போது வலுவான காரணம் உண்டு. மனுப் போடுவதற்கு இருந்த காலக்கெடு 1994-இல் நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றாக்கியது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டுள்ளன என்பது உண்மைதான். அதை நம்பி யாரும் சாவகாசமாக இருக்க வேண்டாம். எங்கோ கிருஷ்ணகிரியில் அடிபட்டதற்கு அங்கேயே அலைய வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ, நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலோ மனுப் போடலாம்.

அதே திருத்தத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. யார் மீது தவறு என்று பார்க்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று சட்டமே ஒரு தொகை வைத்திருக்கிறது. விரைவில் கிடைக்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், கூடுதல் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு செல்லாததாகிவிடும். மேலே சொன்ன மளிகைக் கடைக்காரரின் குடும்பம், பணமுடையில் 5 லட்சத்தை வாங்கிக்கொண்டால் மீதி முப்பத்து நான்கு லட்சம் போச்சு. தவறு முழுவதும் இறந்தவர் மேல்தான், வேறு வழியில்லை என்றால் அந்த 5 லட்சமே பெரிது. எது லாபம் என்று சொல்ல எஃப்.ஐ.ஆரையும், ஸ்பாட் வரைபடத்தையும், வாகன ஆய்வாளர் அறிக்கையையும் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வதும் இப்படித்தான். சிறு காயங்களுக்கு அதுவே மேல், அலைச்சல் மிச்சம். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது.

எந்த வக்கீல் என்பதிலும் கவனம் தேவை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து நிற்கும் தரகரை முதலில் வெளியே அனுப்புங்கள். வக்கீல்கள் கேஸ் தேடிப் போவதும் ஆள் விட்டுப் பிடிப்பதும் பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசுவதும் அதே விதிகளில் தடுக்கப்பட்டதுதான். நடைமுறையில் எவ்வளவு சகஜமாக நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி ரசீது வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்து வேண்டாம். பீஸ் கொடுக்க வழியில்லாத குடும்பத்துக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கடைக்காரரை இழந்த மனைவி தாராளமாகக் கேட்கலாம்.

நாம் எதிர்த்தரப்பில் நிற்கும் நாளும் வரும். கடை வண்டி யாரையாவது மோதிவிட்டால், "இன்ஷூரன்ஸ்காரன் பார்த்துக்கொள்வான்" என்று சம்மனை டிராயரில் போட்டுவிடுகிறோம். கம்பெனியின் வக்கீல் கம்பெனிக்காகப் பேசுபவர், நமக்காக அல்ல. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, சரக்கு வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறியவருக்குப் பாலிசி பொருந்தாது என்றெல்லாம் சொல்லிக் கடைசியில் வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க உத்தரவு வாங்குவது அவர் வேலை. அதைச் செய்கிறார் என்று அவர் மேல் கோபப்பட முடியாது. நமக்கென்று ஒரு வக்கீல் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகி, கடையை விற்றுக் கட்டும் நிலை வரும்.

சரக்கோடு லாரியில் போகிற வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ அதே வண்டியில் போனால் அவருக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு என்று 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் சரக்கு தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். பில்லின் ஒரு நகல் கடையிலும் இருக்கட்டும். கையில் இருப்பது வண்டியோடு போய்விடலாம். டூ வீலரில் தானே சறுக்கி விழுந்தவருக்கு வழக்குப் போட எதிராளி கிடையாது. உரிமையாளர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் அவருக்காகத்தான். பதிவுப் புத்தகமும் லைசென்ஸும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

நமது சங்கத்துக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. மாவட்டந்தோறும் விபத்து வழக்குகளை ஒழுங்காக நடத்தும் இரண்டு மூன்று வக்கீல்களை விசாரித்து, விபத்து நடந்த முதல் வாரத்திலேயே உறுப்பினர் குடும்பம் கட்டணமின்றி ஒருமுறை ஆலோசனை கேட்க ஏற்பாடு செய்யலாம். சந்தா புதுப்பிக்கும் படிவத்தோடு ஒரு தாள் சேர்த்து, வாகன எண், பாலிசி எண், ஆடிட்டர் பெயர், வங்கிக் கணக்கு இருக்கும் கிளை ஆகியவற்றை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் மயங்கிக் கிடக்கும்போது, எந்தப் பீரோவில் எந்தக் காகிதம் என்று அவர் வீட்டாருக்குத் தெரியாது. வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.