லாச்சிச் சாவி யாரிடம்?

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் நடந்ததை எமது பகுதி வர்த்தகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டி ஒன்றைக் காட்டி, இது மலட்டு மாத்திரைதானே என்று சிங்களத்தில் அதட்டினார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் பயத்தில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகி ஃபேஸ்புக்கில் ஓடியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்து, அது வெறும் மாதான் என்றது.

குற்றம் உடைத்தவர்களுடையது. அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனாலும் வியாபாரியின் கண்ணால் பார்க்கும்போது ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சகோதர இனத்தவர் நாளாந்தம் வந்துபோகும் எமது கடைகளில், அவர்களில் ஒருவர் ஏன் வேலைக்கு இல்லை? 2012 கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். கல்முனை பஸாருக்கு பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் சனம் வருகிறது. கவுண்டருக்கு உள்ளே பார்த்தால் மச்சானின் மகன், சாச்சாவின் பேரன், தவறினால் அடுத்த வீட்டுப் பொடியன்.

1990இல் நடந்தவற்றுக்குப் பின் இரு பக்கமும் தத்தம் ஆட்களோடு ஒதுங்கியதற்குக் காரணம் இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. ஒதுங்கும் பழக்கம் முடியவில்லை.

ஆளை எடுத்தாலும் மூன்று மாதம் நிற்கிறார்கள் இல்லையே என்று முதலாளிமார் என்னிடம் குறைப்படுவார்கள். நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கிறது. நோன்பு மாதத்தில் பகல் சோற்றை ஸ்டோருக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டியிருந்தால் யார் நிற்பார்? ஒரு மேசை, ஒரு கதவு, அரை மணித்தியாலம். இதற்கு என்ன செலவு? ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரத்தை அவருடைய சாப்பாட்டு நேரத்தில் கழிக்கும் கணக்கும் நடக்கிறது. பூட்டுவது நாங்கள், அவரல்ல.

லீவு விடயம் இன்னும் சுவையானது. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் சம்பளத்தோடு விடவேண்டிய நாட்களில் தைப்பொங்கல் இருக்கிறது; தீபாவளி இல்லை. எமது இரு பெருநாட்களும்கூட அதில் இல்லை. பெருநாளைக்கு நாங்கள் கடை பூட்டுவது சட்டத்துக்காக அல்லவே! அப்படியானால் தீபாவளிக்கு லீவு கேட்டவரிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டுவது என்ன நியாயம்?

எல்லாவற்றிலும் பெரியது காசு லாச்சி. பத்து வருடம் நின்ற தமிழ் ஊழியர் சாமான் எடுத்துக் கொடுப்பார், கணக்கும் சொல்லுவார். சாவி மட்டும் நேற்று வந்த மருமகனிடம். அந்த ஊழியருக்கு இது விளங்காது என்று நினைக்கிறோம். நம்பிக்கையில்லாவிட்டால் பில் மெஷினும் இரவுக் கணக்கும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும், மருமகனுக்கும் சேர்த்து.

சிங்களம் படித்த எங்கள் பொடியனே போதும் என்பார் சிலர். பேச்சுக்குப் போதும். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு எமது கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்களே, அப்படியான நேரத்தில் தன் தெருவில், தன் வீட்டுக் குசினியில் எமது கடையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல எங்கள் பொடியனால் முடியாது. அங்கே வாழ்கிறவர்தான் சொல்ல முடியும். அதுவும் எம்மிடம் மரியாதை கண்டிருந்தால்தான் சொல்லுவார்.

பெண் ஊழியர் விடயமும் இதுதான். புடைவைக் கடைக்கு வருவோரில் கூடுதலானோர் பெண்கள். உள்ளே பெண்ணுக்கென்று ஒரு மலசலகூடம் கிடையாது. 2018 திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள் என்பது எத்தனை முதலாளிமாருக்குத் தெரியும்?

ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்டவேண்டும். சொந்தக்காரப் பிள்ளைகளென்றால் கேட்க மாட்டார்கள் என்பதற்காகவே வெளியாளை எடுக்காத கடைகளும் எமது ஊர்களில் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மற்றவர்கள் அடுத்த வெற்றிடம் வரும்போது, சொந்தத்துக்குச் சொல்லியனுப்பும் முன் காரைதீவிலும் சம்மாந்துறைக்கு அப்பாலும் விசாரித்துப் பார்க்கட்டும். வருகிறவருக்கு முதல் மாதமே நிதி கட்டி, ஒரு வருடத்துக்குள் லாச்சிச் சாவியையும் கொடுத்துப் பார்க்கட்டும்.