சோம்பேறி என்று சொல்லுமுன்...

நவராத்திரி வந்துவிட்டால் மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று நம்மவர் இருக்கும் இடங்களில் எல்லாம் கொலு, சுண்டல், வெற்றிலை பாக்கு என்று ஒன்பது நாளும் அமர்க்களம்தான். ஆனால் வருடத்துக்கு வருடம் அந்த அழைப்புப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் மெல்லக் கழன்றுகொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? "இந்த வருஷம் கொலு வைக்கலை மாமி, உடம்பு சரியில்லை" என்பார்கள். அடுத்த வருடம் வேறொரு காரணம். சிலரிடம் உண்மையான காரணம் ஒன்றுதான். கொலு வைத்தால் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வீட்டைப் பார்த்துவிடுவார்கள்!

அந்த வீடு எப்படி இருக்கும்? சோபாவில் துவைத்து மடிக்காத துணி மலை. சாப்பாட்டு மேஜையில் பிரிக்காத பார்சல், சொசைட்டி பில், பாதியில் நிற்கும் எம்பிராய்டரி. சமையலறையில் மூன்று பெருங்காய டப்பா. வேண்டிய நேரத்தில் ஒன்றும் கைக்குக் கிடைக்காது. காலையில் சாவியைத் தேடி அரை மணி நேரம் போகும். கட்டணத்தைக் கையில் பணம் இருந்தும் கட்டத் தவறி அபராதம் கட்டுவார்கள். இவ்வளவுக்கும் அந்த அம்மாள் அறிவிலோ படிப்பிலோ யாருக்கும் குறைந்தவர் அல்ல.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'சோம்பேறி'. கொஞ்சம் கோபம் கூடினால் 'பொறுப்பில்லாதவள்'. இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்பதும், பெயரைத் தப்பாக வைத்ததால் பல குடும்பங்களில் வீண் கசப்பு வளர்கிறது என்பதும் என் கருத்து.

மருத்துவர்கள் இதற்குக் கவனக் குறைவு - மிகை இயக்கக் குறைபாடு என்று பெயர் சொல்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கம் ஏ.டி.எச்.டி. ஒரு நிமிடம் சும்மா இருக்காத பள்ளிக்கூடத்துப் பையன்தான் நம் நினைவுக்கு வருவான். அந்தப் பையன் வளர்ந்தால் ஓட்டமும் துள்ளலும் குறையலாம். கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத சிரமம் பலருக்குக் கடைசி வரை கூடவே வருகிறது. உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்கிறார்கள். அந்தக் கணக்குப்படி நூறு பேர் கூடும் நம் சங்க விழா ஒன்றிலும் இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடும்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருந்தது. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர் கவனம் நிலைக்காத நிலையைப் பற்றி எழுதினார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பெரியவர்களுக்கும் இது உண்டு என்பது ஏட்டில் தெளிவாக ஏறத்தான் காலம் பிடித்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான், பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் இருந்தால் போதும் என்று தனி அளவு வைத்தது. குழந்தைகளுக்கு ஆறு.

நம் வீடுகளில் இது வெளியே தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் பாட்டிதான் கடிகாரம், பாட்டிதான் நாட்குறிப்பு. "பால்காரனுக்குப் பணம் கொடுத்தியா?", "நாளைக்கு அமாவாசை" என்று நினைவூட்ட ஒரு குரல் எப்போதும் இருந்தது. சாமான்களும் குறைவு. இன்று நானூறு சதுர அடி ஃப்ளாட்டில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. கேட்காமலே பார்சல் வந்து குவிகிறது. இருவரும் லோக்கல் ரயிலில் நசுங்கித் திரும்புகிறார்கள். முன்பு வீடே தாங்கிக்கொண்டிருந்த பாரத்தை இப்போது ஒருவர் தலை மட்டும் தாங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆண்பிள்ளைக்கு மறதி என்றால் "அவன் புரொபசர் மாதிரி" என்று பெருமையாகச் சொல்லி, அவன் பேனாவையும் கண்ணாடியையும் அம்மா தேடிக் கொடுத்தாள். பிறகு மனைவி தேடிக் கொடுத்தாள். அதே மறதி பெண்ணுக்கு இருந்தால் யார் தேடிக் கொடுத்தார்கள்? வீட்டு லட்சணத்தை வைத்து வீட்டுக்காரியின் லட்சணத்தை எடை போடும் சமூகம் இது. மேலும், பெண் குழந்தைகளில் பலர் துள்ளித் திரிவதில்லை. ஜன்னல் வழியே பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 'சாதுவான பெண், கொஞ்சம் கனவு காண்பாள்' என்று விட்டுவிடுகிறோம். நாற்பது வயதில், இரண்டு குடும்பத்து வேலையும் தலையில் விழுந்த பிறகுதான் முடிச்சு அவிழ்கிறது.

"பிடித்த வேலையை மட்டும் மணிக்கணக்கில் செய்கிறாளே, மனசு வைத்தால் முடியாதா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பதிலும் அதிலேயே இருக்கிறது. இங்கே கவனம் இல்லாமல் போகவில்லை. அதைத் திருப்பும் கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. சுவையான வேலை தானே இழுத்துக்கொள்ளும். துணி மடிப்பது யாரையும் இழுக்காது. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதையே வேறு விதமாக விளக்குகிறார்: செய்ய வேண்டியது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை. ஆகவே "டப்பாவை எடுத்த இடத்தில் வை" என்று நூறாவது தடவை சொல்வதில் பயன் இல்லை. அவருக்கு அது முதல் தடவையே தெரியும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மனிதரை வீட்டுக்கு ஏற்ப வளைப்பதை விட்டு, வீட்டை மனிதருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

இவர்களுக்குக் கண்ணில் படாத பொருள் இல்லாத பொருள். மூடிய பீரோவில் வைத்தால் மறந்தே போகும். நம் அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். ஒரே மூடி, திறந்தால் கடுகு முதல் மஞ்சள் வரை எல்லாம் கண் முன்னே. அந்தத் தத்துவத்தை வீடு முழுதும் கொண்டுவரலாம். எவர்சில்வர் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டலாம். கண்ணாடி டப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. சாவிக்கு வாசல் கதவருகே ஒரு ஆணி. துணி வழக்கமாக எங்கே விழுகிறதோ அங்கேயே மூடி இல்லாத ஒரு கூடை. மூடியைத் திறப்பதும் ஒரு வேலைதான். ஒரு வேலை குறைந்தால் நடக்கும் வாய்ப்பு கூடும்.

"ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கச் சுத்தம்" என்ற சபதம் வேண்டாம். அது மலையைப் பார்த்து மலைப்பதில்தான் முடியும். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் மேஜையின் ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளலாம். விசில் வந்தால் நிறுத்திவிடலாம். மாதம் ஒரு நாள் ரத்திவாலா வந்து போக வேண்டும். தேதியை மாற்றக் கூடாது. மின்சாரம், சொசைட்டிக் கட்டணம் போன்றவற்றை முடிந்தவரை வங்கியே தானாகக் கட்டும்படி ஏற்பாடு செய்துவிடலாம். எல்.ஐ.சி., பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு ஒரே ஒரு பெட்டி போதும். பத்து ஃபைல் போட்டுப் பிரித்தால் பத்தாவது நாள் பழைய கதைதான்.

கூட ஒருவர் உட்கார்ந்திருந்தால் வேலை ஓடும் என்பது இன்னொரு அனுபவ உண்மை. அவர் உதவி செய்ய வேண்டியதில்லை. சும்மா காபி குடித்துக்கொண்டு இருந்தாலே போதும். மொட்டை மாடியில் நாலு பேர் சேர்ந்து வடாம் பிழிந்த நாட்களில் யாருக்கும் வேலை மலைப்பாகத் தெரியவில்லையே! ஆனால் அவர் இல்லாதபோது அவர் சாமான்களை நாமாகவே அடுக்கி வைப்பது உதவி அல்ல. கலைந்து கிடந்தாலும் எது எங்கே என்று அவர் மனதில் ஒரு வரைபடம் இருக்கும், அதை அழித்துவிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இன்று கைபேசியில் இரண்டு நிமிடப் படம் பார்த்துவிட்டு "எனக்கும் இதுதான்" என்று முடிவு கட்டுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். மறதி எல்லாருக்கும் உண்டு. தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவையும் இதே போலத் தோன்றும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, அலுவலகம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிரமம் தருகிறதா என்றெல்லாம் விசாரித்துத்தான் மனநல மருத்துவர் முடிவு சொல்வார். மெத்தில்ஃபெனிடேட், அடாமாக்ஸெடின் போன்ற மருந்துகள் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. இவற்றில் முதலாவதுக்கு நம் நாட்டில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மருந்துச் சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கும் மருந்து அல்ல இது. மருந்து கவனத்தைக் கூட்டும்; டப்பாவை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மும்பையில் கே.இ.எம்., சயான், நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவுகள் உண்டு. நேரில் போகத் தயங்குகிறவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மனக் கஷ்டத்தை இந்தியிலோ மராட்டியிலோ சொல்லத் தடுமாறும் நம்மவருக்கு இது பெரிய ஆறுதல்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பட்டிமன்றத்துக்கும் இன்னிசைக்கும் நடுவே, தமிழ் பேசும் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மாலை கேள்வி-பதில் நிகழ்ச்சி நடத்தலாம். கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுக்கச் செய்தால் கூச்சம் இருக்காது.

உறுப்பினர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் வீட்டுக்குப் போனால் சோபாவில் இருக்கும் துணியைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருவோம். வெளியே வந்து அதைப் பற்றிப் பேசாமல் இருப்போம். கதவைச் சாத்திக்கொண்டவர்கள் மறுபடி திறக்க அது ஒன்றே கூடப் போதுமானதாக இருக்கலாம்.